நின்றுபோன வீதி

1989ஆம் ஆண்டுக் குளிர்காலம். ரொறன்ரோவின் வடக்கே, வில்சன் சப்வே நிலையத்திலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. குடியிருந்தது நகரின் நடுவே, சென். ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியில். இரண்டு அறைக்குள் ஆறுபேர். காலையில் வேலை முடிந்து ரயில் ஏறினால் நித்திரை கண்ணைச் செருகும். ஆனாலும் அந்தப் பயணத்தில் ஒரு காட்சி என்னைத் தினமும் விழித்திருக்க வைத்தது.

அந்த ரயில் ஒரு பெருந்தெருவின் நடுவாலே ஓடும். இரண்டு பக்கமும் கார்கள். எக்ளிங்ரன் வீதிக்கு வந்ததும் ரயில் நிலத்துக்குள் இறங்கி நகரத்துக்குப் போய்விடும். கார்களுக்குப் போக வழியில்லை. அவ்வளவு அகலமான தெரு ஒரு சமிக்ஞை விளக்குக்கு முன்னால் திடீரென முடிந்துபோகும். முடிந்த இடத்தில் கார்கள் மைல்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கும்.

என்னோடு வேலைசெய்த ஒரு வயதான இத்தாலியரிடம் ஒருநாள் இதைப்பற்றிக் கேட்டேன். காசு முடிந்துவிட்டதோ என்றேன். 'காசும் முடிந்ததுதான். ஆனால் தெருவை நிற்பாட்டியது சனங்கள்' என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வீதியை மறிப்பவர்கள் துவக்கு வைத்திருப்பவர்கள். சனங்கள் ஒரு அரசாங்கத்தின் வீதியை நிற்பாட்டினார்கள் என்பதை அன்று நான் நம்பவில்லை. பிறகு ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டபோது நூலகத்தில் தேடி வாசித்தேன். கிழவர் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மை அதைவிடச் சிக்கலானது. அதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது.

*

அந்தத் தெருவின் இன்றைய பெயர் அலன் வீதி. திட்டமிடப்பட்டபோது அதற்கு வைத்த பெயர் ஸ்படைனா அதிவேகப் பெருந்தெரு. வடக்கே 401ஆம் இலக்கப் பெருந்தெருவின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சீடர்வேல் பள்ளத்தாக்கு வழியாக வந்து, அனெக்ஸ் என்ற பழைய குடியிருப்பைக் கிழித்துக்கொண்டு நகர மையத்துக்கு இறங்கவேண்டும் என்பது எண்ணம்.

அந்தக் காலத்தின் மனநிலையையும் சொல்லவேண்டும். 1953இல் ரொறன்ரோவையும் அதைச் சுற்றியிருந்த பன்னிரண்டு உள்ளூராட்சிகளையும் சேர்த்து ஒரு பெருநகரசபையை உண்டாக்கினார்கள். சுருக்கமாக மெற்றோ என்பார்கள். அதன் முதல் தலைவர் பிரெட் கார்டினர். கெட்டிக்காரர், பிடிவாதக்காரர். குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் புறநகருக்குக் கிடைக்க அவர் செய்த வேலை கொஞ்சமல்ல. அதே வேகத்தோடுதான் அவர் பெருந்தெருக்களையும் போட்டார். ஏரிக்கரையோரமாகப் போகும் தெருவுக்கு இன்றும் அவருடைய பெயர்தான். அதைப் போட்டபோது சனிசைட் என்ற பழைய களியாட்ட இடம் போனது. தெற்குப் பார்க்டேலில் வீடுகள் போயின. அங்கேயிருந்தவர்களை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. வரைபடத்தில் கோடு கீறியவர்கள் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாததா என்பதே பொதுவான எண்ணம்.

ஸ்படைனா மட்டும் தனித்த திட்டம் அல்ல. நகரை நெடுக்கும் குறுக்குமாக வெட்டும் ஒரு வலைப்பின்னலின் ஒரு கண்ணி அது. இன்று எங்களில் பெரும்பங்கினர் வாழும் ஸ்காபரோவை நகர மையத்தோடு இணைக்க ஒரு பெருந்தெருவும் அந்த வரைபடத்தில் இருந்தது.

1960களின் தொடக்கத்தில் ஸ்படைனாத் திட்டம் ஒப்புதல் பெற்றது. வேலை வடக்கில் தொடங்கியது. அந்தத் தெருவை நம்பி 1964இல் யோர்க்டேல் என்ற மாபெரும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. 1966இல் தெரு லோறன்ஸ் வீதிவரை வந்தது. அதற்குத் தெற்கே எக்ளிங்ரன் வரைக்கும் பெரிய அகழி தோண்டினார்கள். 1969 அளவில் ஒதுக்கிய பணம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தெருவின் கடினமான பாதி, அதாவது மனிதர்கள் நெருங்கி வாழும் பாதி, இன்னும் தொடங்கப்படவே இல்லை. மேலும் கடன் வாங்கவேண்டும். இந்த இடைவெளியில்தான் சனங்கள் உள்ளே நுழைந்தார்கள்.

*

1968இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி நியூயோர்க்கிலிருந்து குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். நகரங்களைப்பற்றி அவர் 1961இல் எழுதிய நூல் அதற்குள் உலகப் பெயர் பெற்றிருந்தது. அவர் வந்த காரணம் எங்களுக்கு விளங்கக்கூடிய ஒன்று: தன் பிள்ளைகள் வியட்நாம் யுத்தத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்படாமல் இருப்பதற்காக வந்தார். எங்கள் தாய்மார் நகையை விற்றுப் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்து வாடகைக்கு எடுத்த வீடு ஸ்படைனாப் பெருந்தெரு வரப்போகும் வழியில் இருந்தது! நியூயோர்க்கில் மன்ஹாட்டனின் தென்பகுதியை வெட்டவிருந்த ஒரு பெருந்தெருவுக்கு எதிராகப் போராடிவிட்டு வந்தவருக்கு, இங்கேயும் அதே கதை காத்திருந்தது.

நியூயோர்க்கில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லவேண்டும். 1968 ஏப்ரலில் அந்தத் தெருவைப்பற்றி ஒரு பொது விசாரணை வைத்தார்கள். பேச வந்த மக்களுடைய ஒலிவாங்கி அதிகாரிகளைப் பார்த்தபடி இருக்கவில்லை. சபையைப் பார்த்தபடி இருந்தது. மக்கள் மக்களுக்கே பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்த அதிகாரிகள் கேட்டதாகப் பெயர். ஜேக்கப்ஸ் எழுந்து மேடையில் ஏறி நடந்தார். பின்னால் இன்னும் சிலர் ஏறினார்கள். அந்த அமளியில், பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் பதிந்துகொண்டிருந்த இயந்திரத்தின் கடுதாசிச் சுருள் நிலத்தில் சிந்திச் சிதறியது. பதிவு இல்லையென்றால் விசாரணையும் இல்லை என்று ஜேக்கப்ஸ் அறிவித்தார். அவரைப் பொலிஸ் கைதுசெய்தது.

சடங்குக்காக ஒரு விசாரணை வைப்பது எவ்வளவு சுலபம், அதை உண்மையான விசாரணையாக்குவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவராகவே அவர் கனடாவுக்கு வந்தார்.

ஆனால் ரொறன்ரோவில் எல்லாவற்றையும் அவரே செய்தார் என்று சொல்வது பிழை. அவர் வருமுன்னரே அந்தப் பகுதி வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கங்கள் பல வருடங்களாக முறையிட்டுக்கொண்டிருந்தன. 1969இல் மாணவர்கள், பேராசிரியர்கள், கட்டடக் கலைஞர்கள், குடியிருப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஸ்படைனாவை நிறுத்தி நகரைக் காப்பதற்கென்று ஒரு குழுவை அமைத்தார்கள். சமூகவியல் படிப்பித்த அலன் பவல் அதற்குத் தலைமை தாங்கினார். தொடர்பியல் அறிஞர் மார்ஷல் மக்லூகனும் சேர்ந்தார். பொருளியலாளர் டேவிட் நௌலனும் அவருடைய மனைவி நடீனும் திட்டத்தின் கணக்குகளைப் பிரித்துப் பார்த்து 1970இல் ஒரு நூலே எழுதினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. அவர்கள் எங்கள் வீட்டை இடிக்காதே என்பதோடு நிற்கவில்லை. இந்தத் தெருவால் எத்தனை கார்கள் வரும், வந்த கார்கள் எங்கே நிற்கும், அதே பணத்துக்கு ரயில் போட்டால் எத்தனை பேர் போகலாம் என்று கேட்டார்கள். நிபுணர்களின் வாயை அடைத்தது ஆத்திரம் அல்ல, கணக்கு.

*

மேலதிகக் கடனுக்கு மெற்றோ, ஒன்ராறியோ முனிசிப்பல் போர்ட் என்ற மாகாண விசாரணைச் சபையின் அனுமதியைப் பெறவேண்டியிருந்தது. ஆகவே 1971இன் தொடக்கத்தில் நடந்த விசாரணை, சட்டப்படி பார்த்தால், பணத்தைப்பற்றியது. ஆனால் எதிர்த்தவர்கள் நாட்டின் மிகப் பேர்பெற்ற வழக்கறிஞர்களில் ஒருவரான ஜோன் ரொபினெற்றை அமர்த்திக்கொண்டு, அந்தச் சிறு வாசலால் முழுக் கேள்வியையும் உள்ளே கொண்டுபோனார்கள்.

பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் தெருவுக்குச் சார்பு. மக்கள் தோற்றார்கள். ஆனால் மூன்றாமவர், சபையின் தலைவர் கெனடி, மற்ற இருவரோடும் உடன்படாமல் தன் மறுப்பை எழுதி வைத்தார். தோற்றவர்கள் அந்த மறுப்புத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாகாண அமைச்சரவைக்கு மேன்முறையீடு செய்தார்கள்.

மார்ச் மாதம் பில் டேவிஸ் புதிய மாகாண முதல்வரானார். பழைமைவாதக் கட்சிக்காரர், புரட்சிக்காரர் அல்லர். 1971 யூன் 3ஆம் திகதி அவர் சட்டசபையில் எழுந்து, ஸ்படைனாவுக்கு மாகாணம் இனி ஆதரவு தராது என்று அறிவித்தார். போக்குவரத்தைக் கார்களுக்காகக் கட்டுவதானால் இந்தத் தெரு தொடங்க நல்ல இடம், மனிதர்களுக்காகக் கட்டுவதானால் நிறுத்த நல்ல இடம் என்ற கருத்தில் அவர் பேசியது இந்த நகரத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த வருடம் ஒக்ரோபரில் தேர்தல் நடந்தது. அவர் பெரும்பான்மையோடு வென்றார்.

அதற்குப் பிறகு வரைபடத்திலிருந்த மற்றக் கோடுகளும் ஒவ்வொன்றாக அழிந்தன. ஸ்காபரோப் பெருந்தெரு 1974இல் கைவிடப்பட்டது. 1975இல் ஒன்ராறியோ சுற்றாடல் மதிப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய பொதுத்திட்டங்களுக்கு முன் அவற்றால் வரும் பாதிப்பை ஆராயவேண்டும், வேறு வழிகளையும் பார்க்கவேண்டும், மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது சட்டமானது. ஸ்படைனா வழியில் தெருவுக்குப் பதிலாக ரயில் வந்தது. 1978 ஜனவரியில் திறந்த அந்த ரயிலில்தான் நான் நித்திரை தூங்கிக்கொண்டு போய்வந்தேன்.

*

இதை இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் முழுக்கதை இதுவல்ல.

முதலாவது, தோண்டிய அகழி தோண்டியபடியே கிடந்தது. அதை டேவிஸின் அகழி என்று கேலி செய்தார்கள். 1976இல் அதைத் தெருவாக்கி எக்ளிங்ரன் வரைக்கும் திறந்துவிட்டார்கள். அங்கே வாழ்பவர்களுக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. புகை மட்டும் மிச்சம்.

இரண்டாவது, யார் கேட்கப்பட்டார்கள் என்பது. அனெக்ஸில் பேராசிரியர்கள் இருந்தார்கள், வழக்கறிஞரை அமர்த்த முடிந்தது. நான் குடியிருந்த சென். ஜேம்ஸ் ரவுண் எப்படி வந்தது? அங்கேயும் ஒருகாலம் வரிசை வரிசையாகப் பழைய வீடுகள் இருந்தன. 1960களில் கட்டட முதலாளிகள் ஒவ்வொன்றாக வாங்கி இடித்துவிட்டு இந்தக் கோபுரங்களை எழுப்பினார்கள். அந்த வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது எந்த நூலிலும் பெரிய எழுத்தில் இல்லை. அகதியாக வந்து நான் பாய்போட்டுப் படுத்த இடம், எனக்கு முன்னால் வேறு யாரோ கிளப்பப்பட்ட இடம்.

மூன்றாவது, புறநகரம். அன்று நோர்த் யோர்க்கில் இருந்தவர்களில் பலர் அந்தத் தெருவை விரும்பினார்கள். தெரு நின்றதால் நகர மையம் பிழைத்தது. ஆனால் காருக்காகவே கட்டப்பட்ட ஸ்காபரோவுக்கு அதற்கு ஈடான ரயில் வரவில்லை. 1985இல் ஒரு சிறிய ரயில் வந்தது. 2023 யூலையில் அதன் பெட்டி ஒன்று தடம்புரண்டதோடு அதுவும் மூடப்பட்டது. பனியில் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் எங்கள் பெண்களைக் கேட்டால், நிறுத்தியது பாதி வேலை, தருவதாகச் சொன்னதைத் தருவது மற்றப் பாதி என்று சொல்வார்கள்.

*

ஊரில் நிலைமை என்ன? சட்டம் அங்கேயும் உண்டு. 1980இல் தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது. 1988இல் அதைத் திருத்திச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைச் சேர்த்தார்கள். கொழும்பிலிருந்து மாத்தறைக்குத் தெற்கு அதிவேகப் பாதை போட்டபோது, மதிப்பீடு செய்து மக்களுக்கு அறிவித்த பாதையிலிருந்து சில இடங்களில் விலகிப்போய், அறிவித்தலே கிடைக்காதவர்களின் காணிகளை எடுத்தார்கள். காணிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2004இல் உயர் நீதிமன்றம், நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் தீர்ப்பின் மூலம், அவர்களைக் கேளாமல் செய்தது இயற்கை நீதிக்கு மாறானது என்று கூறி நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பாதையை நிறுத்தவில்லை. 2011இல் அது காலிவரைக்கும் திறக்கப்பட்டது. ஆனாலும் 'உங்களைக் கேட்டிருக்கவேண்டும்' என்று நாட்டின் உச்ச நீதிமன்று ஒருவருக்குச் சொல்வது சிறிய விடயம் அல்ல.

வடக்கில் அந்த வார்த்தைக்கு இடம் இருக்கவில்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பலாலிப் பக்கத்தில் எங்கள் வளவும் அதற்குள். 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்றது அரசு. உரிமையாளர்கள் சில மைல் தள்ளி மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம் கொட்டில்களில் இருபது வருடத்துக்கு மேலாக இருந்தார்கள்! ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல காணிகள் விடப்பட்டன. எங்கள் ஒழுங்கை இன்னும் வேலிக்குள்ளேதான்.

அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டபோது அம்மா ஸ்காபரோவில் என்னோடு இருந்தா. ஒரேயொரு கேள்விதான் கேட்டா: 'காணியை எடுக்கிறதெண்டா எடுக்கட்டும். என்னைக் காணேல்லை எண்டு ஏன் எழுதினவை?'

*

அம்மா அப்படிக் கேட்டதற்கு ஒரு முன்கதை உண்டு. அவ 1997இல் கனடாவுக்கு வந்தா. சில வருடங்களின் பின் எங்கள் தொடர்மாடியின் லிப்ற்றுக்குள் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது: பக்கத்து வீதியை அகலமாக்கப்போகிறார்கள், கருத்துச் சொல்ல விரும்புபவர்கள் இன்ன பள்ளிக்கூட மண்டபத்துக்கு வரலாம். நான் வழக்கம்போலப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அரசாங்கக் கடுதாசி என்றால் எங்களுக்கு ஒன்றில் பயம், ஒன்றில் குப்பை. அம்மாதான் என்னெண்டு வாசிக்கச் சொன்னா.

'எங்களையும் கேப்பினமோ?'

'ஓம் அம்மா. ஆரும் போகலாம்.'

'அப்ப வா, போவம்.'

மண்டபத்தில் தாங்கிகளில் வரைபடங்கள். எங்கள் ஆட்கள் என்று நாங்கள் இருவரும்தான். அம்மா வீதியின் அகலத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'பஸ் தரிப்பிடத்தில ஒரு வாங்கு போடச் சொல்லு. கிழடுகள் நிண்டு காலெல்லாம் விறைக்குது' என்றா. நான் மொழிபெயர்த்தேன். இளம் அதிகாரி ஒருத்தி அதைக் குறித்துக்கொண்டு, அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி அதையும் எழுதினாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, 'என்ரை பேரை எழுதினவள், பாத்தனியே' என்று இரண்டுதரம் சொன்னா. வாங்கு வரவில்லை. வீதியை அகலமாக்கினார்கள். ஆனால் அந்த நாட்டின் ஏதோ ஒரு கோப்பில் அவவின் பெயர் இருக்கிறது. கேட்டார்கள், சொன்னா, பதிந்தார்கள். பலாலியில் இருந்த கோப்பில் அவ காணாமல் போனவ.

அம்மா 2016இல் காலமானா.

*

இதை இப்போது எழுதக் காரணம் ஒன்று உண்டு. ரொறன்ரோவுக்கு வடமேற்கே, மில்ரனிலிருந்து பிரம்ரன் பக்கமாக வாகன் வரைக்கும், வயல்களையும் ஆறுகளையும் கடந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட 413ஆம் இலக்கப் பெருந்தெருவைப் போட ஒன்ராறியோ அரசு முடிவெடுத்திருக்கிறது. 2024இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, இந்தத் தெருவுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டுச் சட்டம் பொருந்தாது என்று ஆக்கிவிட்டார்கள். 1975இல் கிடைத்ததை ஒரு வாக்கெடுப்பில் கழற்றிவைத்தார்கள். பிரம்ரனில் எங்கள் ஆட்கள் நிறைய. தெரு நெரிசலில் வேலைக்குப் போய்வருபவர்கள். தெரு வேண்டும் என்று அவர்களில் பலர் சொல்லக்கூடும். அது அவர்களுடைய உரிமை. எனக்கு அதில் சண்டையில்லை. தெரு நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. அதைச் சனங்களிடம் கேட்கவேண்டுமா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நாங்கள் பிரிந்து நிற்கலாம். இரண்டாவதில், இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு இரண்டு கருத்து இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஸ்படைனாவில் விசாரணை தோற்றது. ஆனால் அங்கே பதியப்பட்ட மறுப்பு பிறகு வென்றது. கேட்கிற சட்டம் இருந்தும் கேளாமல் விடலாம் என்பதைத் தெற்கு அதிவேகப் பாதை காட்டியது. கேளாமலே எடுக்கலாம் என்பதை எங்கள் வளவு காட்டியது. இந்த மூன்றையும் ஒரே ஆயுளில் பார்த்தவர்கள் நாங்கள்.

அடுத்தமுறை லிப்ற்றுக்குள் அப்படியொரு அறிவித்தல் ஒட்டியிருந்தால் நின்று வாசியுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்கு கிடைக்காமல் போகலாம். பெயரையாவது சரியாக எழுத்துக்கூட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.